பி.இ. முடித்து ஜெர்மனியில் மேலாண்மை படிக்கப் போகிறவர்களுக்கு

மார்க் நன்றாக இருந்தும் நிராகரிப்பு வருகிறதா? முதலில் ஈ.சி.டி.எஸ். கிரெடிட்டைப் பாருங்கள் (ஒரு பாடத்தின் படிப்புச் சுமையை அளக்கும் ஐரோப்பியக் கணக்கு அது). எம்.எஸ்சி. மேலாண்மைப் படிப்புகள் பலவும் இளங்கலையிலேயே வணிகம், பொருளாதாரப் பாடங்களில் இத்தனை கிரெடிட் வேண்டும் என்று கேட்கும். நம் பி.இ.யில் இருப்பதோ 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' மாதிரி ஒன்றிரண்டு பேப்பர். அதை வைத்து ஒப்பேற்ற முடியாது.

பொறியியல் படித்தவர்களுக்கென்றே உள்ள படிப்பைத் தேடுங்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலையின் 'மாஸ்டர் இன் மேனேஜ்மென்ட்' அப்படி ஒன்று. ஆனால் 'ஜெர்மனி என்றால் இலவசம்' என்ற பேச்சு அங்கே இனி செல்லாது. 2024 குளிர்காலப் பருவம் முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு முதுகலைக் கட்டணம் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. எம்.பி.ஏ. தனிக் கணக்கு, வேலை அனுபவமும் கேட்பார்கள்.

நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு முன்கூட்டியே விண்ணப்பம் போடுங்கள். அது இல்லாமல் மாணவர் விசா நகராது. விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்பே போட்டு முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் இப்போதைக்கு 11,904 யூரோ போட வேண்டும். மாதம் 992தான் கைக்கு வரும். வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத வாடகை வரை போகும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் தருகிறார்கள். வகுப்பு ஆங்கிலத்தில்தானே என்று ஜெர்மன் மொழியைத் தள்ளிப்போட்டால் மாட்டுவது அங்கேதான்.