பொனேர்: எங்களைக் கேள்வி கேட்ட டைவ் கடை

பொனேர் பயணத்துக்கு மூன்று வருடங்கள் முன்பு, கரீபியனில் வேறொரு தீவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் நீந்தும் ஸ்கூபா டைவுக்காகப் போயிருந்தோம். படகில் நாங்கள் பதினாறு பேர், வழிகாட்டி ஒரே ஒருவர். கடைசியாக எப்போது டைவ் செய்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. சான்றிதழ் அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சிலிண்டரை மாட்டிவிட்டார்கள். பதினைந்து மீட்டர் ஆழத்தில் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனது. என் கணவருக்குக் கொடுத்திருந்த ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சு வாங்கும் கருவி) ஒவ்வொரு மூச்சிலும் காற்றோடு கொஞ்சம் தண்ணீரையும் அனுப்பியது. பதற்றத்தில் அவர் வேகமாக மூச்சு வாங்க, காற்று மளமளவென்று குறைந்தது. சிலிண்டரின் காற்றழுத்த மீட்டரை என் முகத்துக்கு நேரே காட்டினார். 3000 psi-இல் தொடங்கிய முள் 500-க்குக் கீழே நின்றது. வழிகாட்டியைத் தேடினேன்; தூரத்தில் குமிழிகள் மட்டும் தெரிந்தன.

என்னிடமிருந்த உபரி ரெகுலேட்டரை அவர் வாயில் கொடுத்து, இருவரும் தோள்பட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே வந்தோம். பாதுகாப்புக்காக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடமும் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். படகில் ஏறியதும் "எல்லாம் ஓகேதானே?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் பழத்தட்டை நீட்டினார். அந்தக் கடையை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், மற்ற கடைகளைவிட ஒரு டைவுக்குப் பதினைந்து டாலர் குறைவு.

அதன் பிறகு நாங்கள் கடலில் இறங்கவில்லை. பிறகு பன்னிரண்டு வயது மகள் பிடிவாதம் பிடித்து, இங்கே ஹூஸ்டனில் நீச்சல் குளப் பயிற்சியை முடித்துவிட்டாள். சான்றிதழுக்கு மீதி இருந்தது கடலில் நான்கு டைவ். வாத்தியார் யாராக இருக்க வேண்டும், எந்தக் கடை, எந்தப் படகு என்பதெல்லாம் இந்த முறை எங்கள் கையில். 2024 மார்ச் பள்ளி விடுமுறைக்கு இடம் தேட ஆரம்பித்தபோது, ஹோட்டலைவிட டைவ் கடையைத் தேடித்தான் அதிக இரவுகள் செலவழித்தோம்.

தீவைத் தேர்ந்தெடுப்பது சுலபமாகவே இருந்தது. மெக்சிகோவின் கோசுமெல் தீவு அழகுதான், ஆனால் அங்கே நீரோட்டத்தோடு மிதந்து போவதுதான் டைவ். முதல் முறை கடலில் இறங்கும் குழந்தைக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. பொனேர் வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் சின்ன டச்சுத் தீவு. காற்று வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து அடிக்கிறது. அதனால் மேற்குக் கரை பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். புயல் பாதைக்குத் தெற்கே இருப்பது இன்னொரு வசதி. பவளத்திட்டு கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது. தீவைச் சுற்றி, கரையிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை எல்லாமே 1979-இல் அமைத்த கடல் பூங்கா. ஈட்டியால் மீன் குத்துவதை அதற்கும் முன்பே, 1971-இல் தடை செய்துவிட்டார்கள். 1962-இல் பாய்மரக் கப்பலில் வந்து இறங்கிய கேப்டன் டான் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர்தான் இங்கே டைவ் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி போட்டவர். நங்கூரம் பவளத்தை உடைக்கிறது என்று சொல்லி, படகு கட்ட நிரந்தர மிதவைகள் போட முன்னின்றவரும் அவர்தான். இன்றும் அங்கே பவளத்தின் மேல் நங்கூரம் போட முடியாது.

ஆனால் பொனேரில் டைவ் கடையின் வேலையே வேறு. மற்ற தீவுகளில் கடைக்காரர் படகில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, கூடவே நீந்தி, திரும்பக் கொண்டுவந்து விடுவார். இங்கே ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, பின்னால் சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டு, சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கல்லில் இடத்தின் பெயரைப் பார்த்து நிறுத்தி, நாமே இறங்கிக்கொள்ள வேண்டும். வழிகாட்டி கிடையாது, கூட டைவ் செய்யும் துணை மட்டும்தான். சுதந்திரம் என்றால் அப்படி ஒரு சுதந்திரம். ஆனால் அடியில் ஏதாவது நடந்தால் கைகொடுக்கக் கடைக்காரர் பக்கத்தில் இருக்க மாட்டார். அவர் செய்யக்கூடியதெல்லாம் நாம் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது: சிலிண்டரில் என்ன காற்று அடைத்தார், ரெகுலேட்டரைக் கடைசியாக எப்போது பிரித்துச் சுத்தம் செய்தார், நம்மைப் பற்றி என்ன தெரிந்துகொண்டார்.

காற்று விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கம்ப்ரெசர் காற்றை இழுக்கும் குழாய் அருகே வண்டிப் புகையோ ஜெனரேட்டர் புகையோ வந்தால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் போய்விடும். அதற்கு வாசனை கிடையாது. எண்ணெய் நாற்றம் அடித்தால் அது எச்சரிக்கை. அடிக்காவிட்டால் நல்ல காற்று என்று அர்த்தம் இல்லை. இருபது மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு, அதனால் துளி விஷமும் மூன்று மடங்காக வேலை செய்யும். ஒழுங்கான கடை காற்றை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதித்து, அந்தச் சான்றைக் கவுண்டருக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கும். கேட்டால் எடுத்துக் காட்டும்.

நான்கு கடைகளுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். மூன்று வருடமாக டைவ் செய்யவில்லை, மகளுக்கு நான்கு டைவ் பாக்கி, ஒரு வாத்தியாருக்கு எத்தனை மாணவர், படகில் ஆக்சிஜன் உண்டா, காற்றுச் சோதனை கடைசியாக எப்போது. முதல் கடையிலிருந்து விலைப்பட்டியல் மட்டும் வந்தது. இரண்டாவது, "கவலையே வேண்டாம், வாருங்கள்" என்றது. மூன்றாவது பதிலே போடவில்லை. நான்காவது கடையிலிருந்து வந்த பதிலில் என் கேள்விகளைவிட அவர்கள் கேள்விகள் அதிகம். மகளின் உயரம், எடை, காலணி அளவு. ஆஸ்துமா உண்டா? குளப் பயிற்சியில் எதற்காவது பயந்தாளா? நீங்கள் கடைசியாகச் செய்த டைவ் எப்படி முடிந்தது? கடைசிக் கேள்விக்கு நான் உண்மையைச் சொன்னேன். அப்படியானால் உங்கள் இருவருக்கும் முதல் நாள் மறுபயிற்சி, அது முடியாமல் வண்டியும் சிலிண்டரும் தர மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். மாணவர் எண்ணிக்கையில், டைவ் சான்றிதழ் வழங்கும் PADI அமைப்பு ஒரு வாத்தியாருக்கு எட்டு பேர் வரை அனுமதிக்கிறது. நாங்கள் இரண்டுக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள். விலையும் குறைவில்லை. கணவர் படித்துவிட்டு, "இதுதான்" என்றார்.

அந்தக் கடையைப் பற்றிய விமர்சனங்களையும் தேடிப் படித்தேன். ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு மூன்று நட்சத்திரங்களைப் படியுங்கள். "அரை நாள் சோதனையிலேயே போய்விட்டது", "ரொம்பக் கண்டிப்பு" என்று இரண்டு பேர் குறைப்பட்டிருந்தார்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

நாங்கள் போனபோது தீவுக்கு வருவோருக்கு நுழைவு வரி 75 டாலர். கடலில் இறங்கப் பூங்காவை நிர்வகிக்கும் ஸ்டினாபாவுக்கு 40 டாலர் தனி. அதோடு யாராக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை டைவ் செய்தாக வேண்டும், அது பூங்காவின் சட்டம். ஆயிரம் டைவ் செய்தவருக்கும் விலக்கு இல்லை. அது ஏன் என்று முதல் நாளே புரிந்தது. மூழ்குவதற்காக இடுப்பில் 14 பவுண்டு ஈயம் கட்டிக்கொண்டு இறங்கினேன். கால் கீழே தொங்கியது, உதைக்கும்போதெல்லாம் மணல் கிளம்பியது. அந்த இடத்தில் பவளம் இருந்திருந்தால் உடைந்திருக்கும். கடையின் வாத்தியாரம்மா ஒவ்வொரு ஈயமாகக் கழற்றி 10 பவுண்டில் நிறுத்தினார். சட்டென்று உடம்பு நேராகி, மூச்சை இழுத்தால் ஓர் அடி மேலே, விட்டால் ஓர் அடி கீழே. மூன்று வருடப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கணவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் மிதந்துகொண்டிருந்தார். ஒரு கிளிமீன் பாறையைக் கறுக் கறுக்கென்று கடிக்கும் சத்தம் தண்ணீருக்குள் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

மகள் முதல் இரண்டு டைவையும் முடித்தாள். மூன்றாம் நாள் காலை மூக்கடைப்பு. ராத்திரி ஏசி வேலை என்று நினைத்து, சமாளித்துக்கொள்வாள் என்று கூட்டிப் போனோம். வாத்தியாரம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் பதில் சொன்ன குரலிலேயே கண்டுபிடித்துவிட்டார். "இன்றைக்கு இறங்க வேண்டாம்." சளி இருக்கும்போது காது அடைத்தால் கீழே போகும்போது வலிக்கும், மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால் மருந்தின் வேகம் அடியிலேயே தீர்ந்து, மேலே வரும்போது அடைத்துக்கொள்ளும் என்று அவளிடமே பொறுமையாக விளக்கினார். மகள் அழுதுவிட்டாள். கட்டிய பணம் அடுத்த நாளுக்கு அப்படியே இருக்கும் என்றார்கள். அந்தக் கடையில் நான் பார்த்த மிகப் பெரிய நல்ல குணம் அந்த "வேண்டாம்"தான்.

அழுத பிள்ளையைச் சும்மா உட்கார வைக்கவில்லை. சிலிண்டர் நிரப்பும் இடத்துக்கு அழைத்துப் போனார். நாங்கள் நைட்ராக்ஸ் எடுத்திருந்தோம். சாதாரணக் காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் அதில் 32. கடைக்காரர் சொன்னதை நம்பி எடுத்துப் போகக் கூடாது, டைவ் செய்பவரே அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மகள் வால்வைத் துளி திறந்து, சின்னக் கருவியை வைத்து, எண் நிலைக்கும் வரை காத்திருந்து, 32.1 என்று வாசித்தாள். நானும் ஒருமுறை அளந்து பார்த்தேன். அந்தக் கலவையோடு போகக்கூடிய அதிகபட்ச ஆழம் 33 மீட்டர். அதை ஒரு ஒட்டு டேப்பில் மார்க்கரால் எழுதி, பெயர் எழுத வேண்டிய இடத்தில் தமிழில் "அம்மா" என்று எழுதி என் சிலிண்டரில் ஒட்டினாள். இது என்ன எழுத்து என்று வாத்தியாரம்மா கேட்டார். வீட்டில் தீவின் சொந்த மொழியான பாப்பியமெண்டு, பள்ளியில் டச்சு, கடையில் ஆங்கிலமும் ஸ்பானிஷும் பேசுகிறவர் அவர். ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு, தானும் ஒரு டேப்பில் எழுதிப் பார்த்தார். "ம்மா" மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அன்று மதியம் அந்தச் சிலிண்டரோடுதான் ஹில்மா ஹூக்கருக்குப் போனேன். 1984 செப்டம்பரில் மூழ்கிய 72 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல். அதன் பொய்ச் சுவருக்குப் பின்னால் டன் கணக்கில் கஞ்சா பிடிபட்டதாம். 30 மீட்டர் மணலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. கணவரிடம் 18 மீட்டர் வரைக்கான அட்டைதான் இருப்பதால் அவரை அனுப்ப மறுத்துவிட்டார்கள். கடை ஆள் ஒருவர் எனக்குத் துணையாக வந்தார்.

ஒரு வருத்தமும் உண்டு. 2023-இல் இங்கே பவளத்தைத் தின்னும் நோய் பரவியிருக்கிறது. மனித மூளை போல வரிவரியாக இருக்கும் பவளங்களில் பாதி வெள்ளையாக, எலும்பு போலக் கிடந்ததைப் பார்த்தோம். அதனால் ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் எல்லாச் சாமான்களையும் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி எடுக்க வேண்டியிருந்தது. சிலர் அவசரத்தில் தவிர்க்கப் பார்ப்பார்கள். எங்கள் கடையில் தொட்டியின் அருகிலேயே ஓர் ஆள் நின்றார்.

மகளின் நான்காவது டைவ், கப்பலில் உப்பு ஏற்றும் துறையில். கப்பல் நிற்காத நாளில் மட்டும்தான் அங்கே இறங்கலாம். தூண்கள் நெடுக ஆரஞ்சும் மஞ்சளுமாகக் கடற்பஞ்சு, நடுவே வெயில் கம்பி கம்பியாக விழுகிறது. ஒரு ஆமை அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் வந்தது. அவள் இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு, தொடாமல், அது போகும் வரை மிதந்தபடியே இருந்தாள்.

சனிக்கிழமை காலை விமானம். பல நாள் டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. வியாழன் மாலையே எங்கள் டிக்கெட்டைக் கேட்டுப் பார்த்து, வெள்ளி காலை ஒரே ஒரு சிலிண்டர், பத்து மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். மதியம் தெற்கே உப்பளத்துக்குப் போனோம். தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது. மகள் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து டைவ் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். முதல் பக்கத்தில் வாத்தியாரம்மா எழுதிய சாய்ந்த "அம்மா"வை ஒட்டி வைத்திருந்தாள்.