ரெண்டே நாள்ல ப்ளேட்டைத் தூக்கிப் போடாதீங்க

லேப்ல புதுசா சேர்ற பசங்க பாக்டீரியா வளர்க்கற தட்டை, அதான் ப்ளேட்டை, இன்குபேட்டர்ங்கற சூட்டுப் பெட்டில வெச்சுட்டு மறுநாள் காலைல திறந்து பார்த்துட்டு "அக்கா, ஒண்ணுமே வளரல"ன்னு முகம் வாடி வந்து நிப்பாங்க. இன்னும் நாலு நாள் உள்ளயே இருக்கட்டும்பா, தூக்கிப் போட்டுடாதன்னு சொல்லி அனுப்புவேன். நான் ஏன் இதுல இவ்ளோ பிடிவாதமா இருக்கேன்னு அவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் நின்னு விளக்க முடியறதில்ல, அதான் இந்தப் பதிவு.

பாக்டீரியான்னாலே ராத்திரி போட்டா காலைல வந்துடணும்ங்கற எண்ணம் ஈ.கோலைங்கற குடல் பாக்டீரியாவை வெச்சுப் படிச்சதால வந்தது. அதுக்கு நல்ல ப்ராத்தும் (சத்துள்ள திரவம்) 37 டிகிரி சூடும் குடுத்தா 20 நிமிஷத்துக்கு ஒருக்க ரெண்டா பிரியும், ஒரே ஒரு செல்லுல ஆரம்பிச்சாலும் எட்டு மணி நேரத்துல 24 தடவை இரட்டிச்சு ஒண்ணரைக் கோடியைத் தாண்டிடும். இது காகிதத்துல போடற கணக்கு. நிஜத்துல புது மீடியாவுக்குள்ள (அது வளர நாம தயார் பண்ற சாப்பாடு) போன உடனே அது பிரிய ஆரம்பிக்காது, அங்க இருக்கற சாப்பாட்டுக்கு ஏத்த என்சைமை எல்லாம் முதல்ல தயார் பண்ணிக்கும், வெளிய இருந்து பார்க்கறவங்களுக்கு சும்மா கெடக்கற மாதிரி தெரியும். லேக் ஃபேஸ்னு சொல்ற அந்தத் தயாராகற நேரம் முடிஞ்ச அப்புறம்தான் மடமடன்னு ஏறும், அப்புறம் சாப்பாடு தீர்ந்து கழிவு சேர்ந்ததும் ஏற்றம் நின்னுடும், கடைசில சாக ஆரம்பிக்கும். ஜாக் மோனோங்கற பிரெஞ்சு விஞ்ஞானி 1940கள்ல குளுக்கோஸையும் லாக்டோஸையும் ஒரே குடுவைல சேர்த்துக் குடுத்துப் பார்த்தாரு. பாக்டீரியா குளுக்கோஸைத் தீர்த்துட்டு கொஞ்ச நேரம் வளராம நின்னுச்சு, அப்புறம்தான் லாக்டோஸ் பக்கம் போச்சு. கிராஃப்ல நடுவுல தெரிஞ்ச அந்தச் சின்ன தட்டையான இடத்தை அவர் விடாம துரத்தினதுதான் பின்னாடி ஜீன் எப்படி ஆன் ஆகுது ஆஃப் ஆகுதுங்கற கேள்வி வரைக்கும் கொண்டு போய் 1965ல நோபல் பரிசுல முடிஞ்சுது.

இப்போ டிபி கிருமியைப் பாருங்க. அது ஒரு தடவை பிரியவே 15லேர்ந்து 20 மணி நேரம் எடுத்துக்கும். கண்ணுக்குத் தெரியற ஒரு காலனி (பாக்டீரியா பெருகிக் கூட்டமா சேர்ந்த புள்ளி) வரணும்னா வாரக்கணக்கு ஆகும், எட்டு வாரம் பார்த்துட்டுதான் இல்லைன்னே எழுதுவாங்க. ஒண்ணுக்கு ஒரு ராத்திரி போதும், இன்னொண்ணுக்கு ரெண்டு மாசம் வேணும், ஆனா ரெண்டையும் பாக்டீரியாங்கற ஒரே பேர்லதான் கூப்பிடறோம்.

ப்ளேட்டைப் பத்திப் பேசும்போது ஒருத்தங்களைச் சொல்லாம போக எனக்கு மனசு வராது. ராபர்ட் கோச்ங்கற ஜெர்மன் டாக்டரோட லேப்ல முதல்ல வேகவெச்ச உருளைக்கிழங்குத் துண்டு மேல வளர்த்துப் பார்த்தாங்க, அப்புறம் ஜெலட்டின். ஜெலட்டின் 37 டிகிரில உருகித் தண்ணியா போயிடும், போதாக்குறைக்கு சில பாக்டீரியா அதையே தின்னு கரைச்சுடும். அங்க வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸியோட மனைவி ஃபேனி ஹெஸ்ஸி, வீட்ல ஜெல்லி செய்யறதுக்கு அகார் போடுவாங்க, இதைப் போட்டுப் பாருங்களேன்னு 1881ல அவங்கதான் சொன்னாங்க. கடல்பாசிலேர்ந்து வர்ற அகார் 85 டிகிரி கிட்டப் போனாதான் உருகும், ஆறி 40க்குக் கீழ வந்தாதான் உறையும், பெரும்பாலான பாக்டீரியாவால அதைத் தின்னவும் முடியாது, இதைவிட என்ன வேணும். அடுத்த வருஷம் கோச் டிபி கிருமியைக் கண்டுபிடிச்சு எழுதினப்போ அகார்னு ஒரு வரி வருது, ஃபேனி பேர் வரல. 1887ல அந்த மூடி போட்ட கண்ணாடித் தட்டைக் கொண்டு வந்த பெட்ரியோட பேரை நாம தினமும் சொல்றோம். ஃபேனி பேரையும் லேப்ல சொல்லிக் குடுக்கணும்னு நான் நினைக்கறேன், என்கிட்ட வர்ற பசங்களுக்கு முதல் நாளே சொல்லிடறேன்.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். மண்ணையோ தண்ணியையோ மைக்ரோஸ்கோப்ல எண்ணினா வர்ற எண்ணிக்கை வேற, அதே சாம்பிளை டைல்யூட் பண்ணி ப்ளேட்ல பரப்பி எண்ணினா வர்ற எண்ணிக்கை வேற, பெரும்பாலும் நூத்துல ஒரு பங்கு கூடத் தேறாது. மீதி எல்லாம் செத்துப் போச்சுன்னு நினைச்சுடாதீங்க, நாம வெச்ச சாப்பாடும் சூடும் காத்தும் அதுங்களுக்கு ஒத்து வரல, அவ்ளோதான். தொழுநோய்க் கிருமியை நார்வே டாக்டர் ஹான்சன் 1873லயே பார்த்துட்டாரு, இன்னி வரைக்கும் எந்த அகார்லயும் அது வளர்ந்ததில்ல, எலியோட பாதத்துலயும் ஆர்மடில்லோங்கற ஓடு போட்ட விலங்கோட உடம்புலயும்தான் வளர்க்கறாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ஆஸ்திரேலியால பெர்த் நகரத்துல நடந்தது. பேரி மார்ஷல், ராபின் வாரன்னு ரெண்டு டாக்டருங்க நோயாளிங்க வயித்துலேர்ந்து எடுத்த சாம்பிள்ல வளைஞ்ச பாக்டீரியா இருக்கறதை மைக்ரோஸ்கோப்ல பார்த்துட்டாங்க, ஆனா முப்பது பேருக்கு மேல சாம்பிள் போட்டும் ப்ளேட்ல ஒண்ணும் வரல. வழக்கப்படி ரெண்டு நாள் பார்த்துட்டு ப்ளேட்டை எறிஞ்சுட்டு இருந்தாங்க. 1982 ஈஸ்டர் லீவுல ஒரு ப்ளேட் அஞ்சாறு நாள் இன்குபேட்டர்லயே கெடந்துச்சு, லீவு முடிஞ்சு வந்து பார்த்தா காலனி. இப்போ ஹெலிகோபாக்டர் பைலோரின்னு சொல்றோமே அதுதான், அல்சருக்கும் அதுக்கும் உள்ள தொடர்பை நிரூபிச்சதுக்கு 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சுது. அதுக்கு முன்னாடி எறிஞ்ச ப்ளேட்டை நினைச்சா எனக்கு வயித்தைப் பிசையும்.

நானும் ஒரு காலத்துல அப்படி எறிஞ்சவதான். மண் சாம்பிள் ப்ளேட் ஒரு அடுக்கை மூணாம் நாளே கொதி நீராவில கிருமியைக் கொல்ற ஆட்டோகிளேவுக்கு அனுப்பிட்டேன், அந்த சாம்பிள் திரும்பக் கிடைக்கல. இப்போ சத்து குறைச்ச மீடியா போடறேன், 28 டிகிரில வைக்கறேன், அகார் காயாம இருக்க சுத்தி பாராஃபிலிம்ங்கற மெழுகுப் பட்டை ஒட்டறேன், மூடில கோக்கற தண்ணி காலனி மேல சொட்டாம இருக்க ப்ளேட்டைக் கவுத்து வைக்கறேன், அடில தேதி எழுதிடறேன். போன வாரம் போட்ட ப்ளேட்ல முதல் அஞ்சு நாள் வேகமா வளர்ற ரெண்டு வகைதான் தெரிஞ்சுது. நேத்து ஒம்பதாம் நாள், இன்குபேட்டர் கதவைத் திறந்ததுமே மழை பெஞ்ச மண் வாசம். வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா ஓரத்துல குண்டூசித் தலை அளவு, சுண்ணாம்புப் பொடி தூவின மாதிரி மூணு காலனி, வாசத்தையும் தோற்றத்தையும் வெச்சுப் பார்த்தா ஸ்ட்ரெப்டோமைசிஸ்ங்கற மண் பாக்டீரியாவா இருக்கணும். ஒண்ணை லூப்ல (சின்னக் கம்பி வளையம்) தொட்டு புது ப்ளேட்ல கோடு கோடா இழுத்து ஸ்ட்ரீக் பண்ணி வெச்சிருக்கேன், இன்னும் ஒரு வாரம் திறக்கறதா இல்ல.