பட்டாலையில் பரப்பிய சாமான்: கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்த கதை

2023 ஏப்ரலில் எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் எழுதிக் கொடுத்த கொட்டேஷன் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி), கலர் கலராக லைட் எரியும் கேபினட், மொத்தம் 42,000. ஐ7 ஆயிற்றே என்று வாயெல்லாம் பல்லாகத்தான் வீட்டுக்கு வந்தேன். எந்தத் தலைமுறை ஐ7 என்று கேட்கத் தோன்றியது ராத்திரிதான். மறுநாள் போனில் கேட்டேன். நான்காம் தலைமுறையாம். அது 2013இல் வந்த சரக்கு, ராம் டிடிஆர்3 என்ற பழைய வகை. கிராபிக்ஸ் கார்டு ஜிடி 730. பெயரில்தான் 4 ஜிபி; படம் காட்டும், புது கேம் எதையும் நகர்த்தாது.

சரி, நாமே பார்த்து வாங்குவோம் என்று இறங்கினேன். கையில் 45,000. அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 20,000 தருவதாகச் சொன்னார், வீட்டுக் கணக்கையும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே எழுதித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆக 65,000க்குள் மானிட்டரும் சேர்த்து முடிக்க வேண்டும்.

முதலில் பிராசஸரில் ஆரம்பித்தது என் தப்பு. நாலு நாள் அதிலேயே போனது. அப்புறம் தலைகீழாக மாற்றினேன். எனக்கு வேண்டியது 24 அங்குல 1080பி மானிட்டரில் ஓரளவு நல்ல செட்டிங்கில் விளையாடுவது. அதற்கு எந்தக் கார்டு போதும் என்று பார்த்துவிட்டு, அந்தக் கார்டுக்கு ஈடுகொடுக்கிற பிராசஸர், அதற்குப் பொருந்தும் மதர்போர்டு என்று வந்தால் பட்டியல் தானாக அமைகிறது.

ஆர்டிஎக்ஸ் 3050 கார்டு எடுக்கச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். நான் விசாரித்த இடங்களில் ஆர்எக்ஸ் 6600 அதைவிட விலை குறைவு, 1080பி கேம்களில் வேகமும் அதிகம். ரே டிரேசிங் (வெளிச்சத்தையும் நிழலையும் நிஜம்போலக் காட்டும் வித்தை) எனக்கு வேண்டாம், அதனால் யோசிக்கவே இல்லை. பணம் மிச்சம் பிடிக்கலாமே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கமும் ஒருநாள் சாய்ந்தேன். நல்லவேளை, அதன் பாதையைப் பார்த்தேன். அந்தக் கார்டு போர்டோடு பேசுவது நாலே நாலு பிசிஐ எக்ஸ்பிரஸ் லேனில், அதாவது தரவு போகும் தடத்தில். நான் எடுக்க நினைத்த பி450 போர்டில் இருப்பது பழைய தலைமுறையான பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. அதில் அந்த நாலு லேனின் வேகமும் பாதியாகிவிடும். கார்டில் உள்ள 4 ஜிபி நிறைந்துவிட்டால் கேம் திக்கும். 6600க்கு எட்டு லேன், 8 ஜிபி. பழைய போர்டிலும் பெரிய இழப்பு இல்லை.

பிராசஸர் ரைசன் 5 5600. ஆறு கோர், கூலர் பெட்டியிலேயே வருகிறது, தனியாகச் செலவில்லை. ஏஎம்5 என்ற புது சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) பக்கம் போயிருந்தால் போர்டும் டிடிஆர்5 ராமும் சேர்ந்து பட்ஜெட்டைத் தின்றிருக்கும். 5600 உட்காரும் பழைய ஏஎம்4 சாக்கெட்டே போதும் என்று நின்றேன். ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. பி450 போர்டில் சாக்கெட் பொருந்தும், பிராசஸர் அழகாக உட்காரும், ஆனாலும் போர்டை எழுப்பிவிடும் பயாஸ் மென்பொருள் பழசாக இருந்தால் திரையில் ஒன்றும் வராது. 5600 சந்தைக்கு வந்தது 2022இல். அதற்கு முன்பே தயாராகி கடையில் தூங்கும் போர்டுக்கு அதை அடையாளம் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காரைக்குடியில் பல்லவன் ரயில் ஏறி, மதியம் சென்னை எழும்பூரில் இறங்கி, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். எடுத்த போர்டின் பெட்டியில் 'ரைசன் 5000 ரெடி' ஸ்டிக்கர் இல்லை. கடைக்காரரிடம் சொன்னதும், "அதெல்லாம் ஓடும் தம்பி" என்றார். "ஓட்டிக் காட்டுங்கண்ணே" என்றேன். சலித்துக்கொண்டேதான் பழைய ரைசன் ஒன்றை மாட்டி, பென்டிரைவில் பயாஸை ஏற்றிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் ஆனது. அதைக் கேட்காமல் வந்திருந்தால் 400 கிலோமீட்டர் திரும்பிப் போயிருக்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ் விஷயத்தில் ஒரே ஒரு பழக்கம் கற்றுக்கொண்டேன். பெட்டியின் மேல் உள்ள வாட்டைப் பார்க்காமல், பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் கட்டத்தைப் பார்ப்பது; கார்டும் பிராசஸரும் இழுப்பது அதில்தான். முதல் கொட்டேஷனில் இருந்த அந்த '500 வாட்' பெட்டியைப் பின்னால் போய்ப் பார்த்தேன்: 12 வோல்ட்டில் 15 ஆம்பியர், அதாவது 180 வாட். என் கார்டு மட்டும் 132 வாட் இழுக்கும், பிராசஸர் 76 வரை போகும். கணக்கு அங்கேயே உதைக்கிறது. தெரிந்த பிராண்டில் 550 வாட் 'ப்ரான்ஸ்' (வெண்கலத் தரம்) எடுத்தேன். ப்ரான்ஸ் என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான சான்று மட்டும்தான்.

விலைகள்: கார்டு 21,500, பிராசஸர் 12,500, போர்டு 7,000, இரண்டு 8 ஜிபி ராம் 3,600, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சேமிப்புக்கு) 3,000, எஸ்எம்பிஎஸ் 4,000, முன்பக்கம் வலை வைத்த கேபினட் 3,400, மானிட்டர் 9,000. மொத்தம் 64,000. கேபினட்டும் மானிட்டரும் காரைக்குடியிலேயே வாங்கினேன், ரயிலில் தூக்கிவர முடியாது. இதெல்லாம் அன்றைய விலை. ராம் விலை இப்போது எங்கேயோ போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தூர் வீட்டுப் பட்டாலையில் (உள்கூடத்தில்) எல்லாவற்றையும் பிரித்துப் பரப்பினேன். ஆயா பார்த்துவிட்டு, "என்னடா, கல்யாண வீட்டுல சாமான் பரப்புன மாதிரி இருக்கு, பொண்ணு எங்கே?" என்றார். ராமை இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும், 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். நான் பயந்து பயந்து அழுத்தியதில் ஒன்று சரியாக உட்காரவில்லை, முக்கால் மணி நேரம் திரை இருட்டு. மற்றபடி சாயங்காலத்துக்குள் முடிந்தது. ராம் 2400 வேகத்தில் ஓடுவதைப் பார்த்து, பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் செட்டிங்) போட்டு 3200க்கு ஏற்றினேன்.

அப்புறம்தான் வீடு தன் வேலையைக் காட்டியது. ஆத்தா ஆத்தங்குடிக் கல் தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போயிருந்தார். வெறுங்காலோடு கேபினட்டைத் தொட்டேன். எறும்பு ஊர்வது மாதிரி விறுவிறுவென்று கையில் ஏறியது. டெஸ்டரை வைத்தால் லேசாக எரிகிறது. எஸ்எம்பிஎஸ் போச்சு என்றே நினைத்தேன்.

வந்த எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்தார். கேபினட்டுக்கும் தரைக்கும் நடுவில் நூற்றுச் சொச்சம் வோல்ட். சுவரிலிருந்த மூன்று துளை பிளக்பாயின்ட்டைக் கழற்றிக் காட்டினார். மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. "எஸ்எம்பிஎஸ் நல்லாத்தான் இருக்கு தம்பி. எர்த் இல்லாததால அதுக்குள்ள இருக்கிற ஃபில்டர்ல கசியிற கரண்ட் போக வழியில்லாம பாடியில நிக்குது" என்றார். கரண்ட் வராத காலத்தில் கட்டிய வீடு. பின்னால் மரப்பட்டி அடித்து ஒயர் இழுத்தவர்கள் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

எர்த் குழி தோண்டுவது ஒருநாள் வேலைதான். ஆனால் பின்கட்டு பொது. ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து குடும்பத்துக்கு, பங்கு. கோயம்புத்தூரில் இருக்கும் பங்காளிக்கும் சிங்கப்பூரில் இருப்பவருக்கும் அப்பச்சி போன் போட்டு, இன்ன இடத்தில் குழி, சுவரைத் தொடமாட்டோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்குவதற்குள் பதினாறு நாள். அத்தனை நாளும் கம்ப்யூட்டர் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்க அலைந்ததைவிட அது நீளமாக இருந்தது. கடைசியில் கிணற்றடிக்குப் பக்கத்தில் குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினார்கள். 3,200 ரூபாய். சாயங்காலம் வோல்டேஜ் படுத்துவிடும் என்பதால் 1000 விஏ யுபிஎஸ் ஒன்று, 4,500. இரண்டுமே என் பட்டியலில் இல்லை. அப்பச்சியின் நோட்டில் 'எர்த்' என்று தனி வரியாக ஏறியிருக்கிறது.

மண் காய்ந்தால் எர்த் பலனில்லை, கோடையில் குழிக்குத் தண்ணீர் விடவேண்டும் என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டுப் போனார். நான் இரண்டு தடவை மறந்தேன். இப்போது கறிவேப்பிலைக்கு ஊற்றும்போது ஆயாவே ஒரு குடம் அதிலும் ஊற்றிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்கிறார்: "உன் பெட்டிக்குத் தண்ணி விட்டாச்சு."