மரம் சாப்பிடப் போனவர்

"ஷெஃப், பத்து நாள் லீவு வேணும். மரம் சாப்பிடப் போறேன்."

ஷெஃப் என்றால் அங்கே மேலதிகாரி. என் பிரெஞ்சு அப்போது அரைகுறை. காதில் தப்பாக விழுந்திருக்கும் என்று நினைத்தேன். மத்திய ஆப்பிரிக்க நாடான காபோனின் தலைநகர் லிப்ரவில்லிலிருந்து 27 கிலோமீட்டர் தள்ளி, என்கோக் தொழில் மண்டலத்தில் ஒரு வெனீர் ஆலை. முழு மரமாக ஏற்றுமதி செய்யக்கூடாது என்று அரசு 2010-இல் தடை போட்ட பிறகு முளைத்த ஆலைகளில் அதுவும் ஒன்று. ஒக்குமே மரத்தை மெஷினில் சுழலவிட்டு, தாள் தாளாகச் சீவி எடுப்போம். நான் ஷிப்ட் இன்சார்ஜ், லீவு கேட்டவர் மெஷின் ஓட்டுபவர். "இங்கே கிடக்கிற மரம் போதாதா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஃபோர்மேன்தான் விளக்கினார். மரம் என்றால் இபோகா. ஆளுயரப் புதர்ச்செடி. அதன் வேர்ப்பட்டையைச் சுரண்டித் தின்பார்கள். புவிட்டி என்ற வழிபாட்டில் சேருகிறவர்களுக்கு அதுதான் தீட்சை. செத்துப்போன முன்னோரைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது நம்பிக்கை.

எனக்கு முதலில் தோன்றிய வார்த்தை 'போதை'. லீவு படிவத்தில் காரணம் எழுதக் கட்டம் உண்டு. அதில் இதை எப்படி எழுதுவது? 'குடும்ப விசேஷம்' என்று எழுதி, பத்து நாளை நான்காக வெட்டிக் கையெழுத்துப் போட்டேன். கன்டெய்னர் போக வேண்டிய வாரம் அது.

ஐந்தாம் நாள் காலை ஷிப்டுக்குச் சரியாக வந்துவிட்டார். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. ஒன்பது மணி வாக்கில் தாள் சிக்கிக்கொண்டு மெஷின் ஒரு மாதிரி அலற, மனிதர் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். கை நகரவில்லை. உதவிக்கு நின்ற பையன் ஓடிவந்து சிவப்பு பட்டனை அடித்தான். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலிடம் அவரிடம் விளக்கம் கேட்கச் சொன்னது. விளக்கம் சொல்ல வேண்டியவன் நான். ஒரு ராத்திரி முழுக்க அதைத் தின்று, வாந்தி எடுத்து, மறுநாளும் கண்ணுக்குள் காட்சி ஓடிக்கொண்டிருக்கும், உடம்பு திரும்ப நாளாகும் என்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டதே அதற்கப்புறம்தான். சாராயம் குடித்துவிட்டு வருகிற மாதிரி காரியம் இல்லை அது. சந்தோஷத்துக்காக இரண்டாம் முறை யாரும் அந்த அளவுக்குத் தின்னமாட்டார்கள்.

அடுத்த வருஷம் அவருடைய அக்கா மகனுக்குத் தீட்சை. என்னையும் கூப்பிட்டார். போனேன். ஓலை வேய்ந்த நீளமான கொட்டகை. பையனுக்கு முகமெல்லாம் வெள்ளைக் களிமண். எட்டு நரம்பு யாழ் ஒன்று விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒருவர் வில்லை வாயில் வைத்துத் தட்டி வாசித்தார். பாட்டு முடியும்போதெல்லாம் கூட்டம் 'பாசே!' என்றது. தீப்பந்தப் புகை மட்டும் எனக்குப் பழகிய வாசனையாக இருந்தது. கேட்டால், ஒக்குமே பிசினாம். நாங்கள் பிளைவுட்டுக்குச் சீவுகிற அதே மரம். நம் ஊர் வேலிக் கிளுவையும் அந்தக் குடும்பம்தான்.

வேர்ப்பட்டைத் தூள் தட்டு சுற்றி வந்தது. விருந்தாளிகளும் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளலாம், தூக்கம் வராது. என் முறை வந்ததும் பெரியவர் நிறுத்தி, இதயம் எப்படி என்று கேட்டார். பிரஷர் மாத்திரை போடுகிறேன் என்றேன். தட்டு என்னைத் தாண்டிப் போய்விட்டது. இபோகா இதயத் துடிப்பைக் குலைக்கும், ஆட்கள் செத்தும் இருக்கிறார்கள் என்பதை அப்புறம் படித்தேன்.

படித்ததில் வயிற்றெரிச்சலும் உண்டு. 1901-லேயே பிரெஞ்சுக்காரர்கள் அந்த வேரின் சத்தான இபோகெயினைப் பிரித்துவிட்டார்கள். காபோனில் பாதிரிமார் புவிட்டியை அடக்கப் பார்த்த காலத்தில், பிரான்சு மருந்துக்கடையில் அதே சரக்கு 'லம்பாரென்' என்ற பெயரில் களைப்பு போக்கும் மாத்திரை. 1962-இல் ஹோவர்ட் லோட்சாஃப் என்ற அமெரிக்க இளைஞர், தன் ஹெராயின் ஏக்கம் இதனால் அடங்கியதைக் கண்டார்; அதை வெளியே சொன்ன பிறகு வெளிநாட்டுக் கிராக்கி வேறு. பட்டைக்காக வேரோடு பிடுங்கினால் செடி போச்சு. காட்டில் அரிதாகிக்கொண்டு வருகிறது. 2000-இல் காபோன் அதை தேசியப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

நம்ம மெஷின்காரர் தன் வீட்டுக் கொல்லையில் இரண்டு இபோகா செடி வைத்திருந்தார். இலையைக் கிள்ளினால் பால். சின்ன வெள்ளைப் பூ. நந்தியாவட்டைக்கு நெருங்கிய சொந்தம் என்றேன். எங்கள் அம்மா பூஜைக்குப் பறிக்கிற பூ என்று போனில் படம் காட்டினேன். "உங்க ஊர்ல வேரைச் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு ஏமாற்றம்.

அன்றைக்குத்தான் ஒரு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். அந்த ராத்திரி, செத்துப்போன உங்கள் அப்பாவைப் பார்த்தீர்களா?

"பார்த்தேன், ஷெஃப். வாசல் கூட்டிக்கிட்டிருந்தார்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. கூட்டி முடிக்கட்டும்னு நின்னேன். அதுக்குள்ள விடிஞ்சிருச்சு."