ஆட்டுத் தராசு எடை குறைத்துக் காட்டியது: இரண்டு வார அலைச்சல்

பக்ரீத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆட்டைக் கூண்டுக்குள் ஏற்றி நிறுத்தி எடை போடும் எங்கள் மேடைத் தராசில் கோளாறு என்று தெரிந்தது. போன மாதம் 34 கிலோ இருந்த சேலம் கருப்புக் கிடாய் 30.5 காட்டியது. நோய்தான் என்று நினைத்துக் குடற்புழு மருந்துகூடக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அதே கிடாய் கூண்டுக்குள் திரும்பி நின்றது, 33 வந்தது. தலை இருக்கும் பக்கம் மாறினால் எடை மாறுமா?

அதற்குள் 11 ஆடுகளை உயிர் எடைக்கு, கிலோ 400 ரூபாய் என்று கொடுத்திருந்தேன். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

தராசுக் கடைக்குப் போன் செய்தேன். டிஸ்பிளேயை மட்டும் கொண்டுவரச் சொன்னார்கள். 40 கிலோமீட்டர் போனால், "பெட்டி நல்லாத்தாங்ணா இருக்குது, மேடையையும் கொண்டு வந்தாத்தானே பார்க்க முடியும்" என்கிறார் கடைக்காரர். மறுநாள் 1,200 ரூபாய்க்கு குட்டியானை பிடித்து மேடையையும் ஏற்றிப் போனேன். குப்புறப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நாலு லோடு செல்லும் போயிருச்சு, புதுசே வாங்கிருங்க." லோடு செல் என்பது மேடைக்கு அடியில் மூலைக்கு ஒன்றாக எடையை உணரும் பாகம். பார்க்காமலே நாலும் போனது எப்படித் தெரியும்? அப்படியே திருப்பி ஏற்றிவிட்டேன்.

ஊரில் மோட்டார் வேலை பார்க்கும் தம்பிதான் வழி காட்டினான். 20 லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி, மேடையின் ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பார்க்கச் சொன்னான். மூன்று மூலைகளில் 20.9. பின்பக்க இடது மூலையில் மட்டும் 13.1! தூக்கிப் பார்த்தால் மேடைக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே புழுக்கையும் வைக்கோலும் சேர்ந்து கல்லாக இறுகிக் கிடந்தன. எடை விழுந்தால் மேடை அந்த இடத்தில் துளியாவது இறங்க வேண்டும். இறங்க இடமே இல்லை. சுரண்டி எடுத்ததும் 19.6.

மிச்சக் குறை வயர்கள் சேரும் பெட்டியில் இருந்தது. ரப்பர் நைந்து மூத்திரம் உள்ளே இறங்கி, முனைகள் பச்சை பூத்திருந்தன. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, அரை நாள் வெயிலில் காயவைத்து முறுக்கினோம். நாலு மூலையும் 20.9. பழுது பார்த்த செலவு 250 ரூபாய்தான்.

அந்தப் பெட்டிக்குள் குட்டி ஸ்க்ரூக்கள் இருக்கும், திருகிவிடாதீர்கள். மூலைகளைச் சமன்படுத்துவதே அவைதான். டிஸ்பிளேயின் ஈய முத்திரையிலும் கை வைக்க வேண்டாம். எடை போட்டு விற்பவர்கள் எலக்ட்ரானிக் தராசுக்கு வருடாவருடம் அரசு முத்திரை வாங்கியாக வேண்டும், பழுது பார்த்தாலும் மறுபடி வாங்க வேண்டும். எனக்கு அது ஒரே நாளில் முடிந்தது. இன்னொன்று, கூண்டுக் கம்பி விட்டுப்போனால் மேடையில் வைத்தே வெல்டிங் அடிக்காதீர்கள். அந்தக் கரண்ட் லோடு செல் வழியாகப் பாய்ந்தால் அப்போது உண்மையிலேயே நாலும் போய்விடும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதையும் நான் விட்டுவிட்டேன்.

வியாபாரி வந்த அன்று அந்தக் கிடாயை அவர் கண்ணெதிரே ஏற்றினேன். 35.5. இறக்கி, திருப்பி ஏற்றினேன். 35.5.