18 மதிப்பெண்ணில் கோட்டைவிட்ட ஏ பிளஸ் தேர்வு

காம்ப்டியா ஏ பிளஸ் என்பது கணினிகளைப் பராமரித்துச் சரிசெய்கிறவர்களுக்கான சான்றிதழ் தேர்வு. 2024 மார்ச்சில் அதன் இரண்டாம் தாளில் நான் வாங்கிய மதிப்பெண் 682. தேர்ச்சிக்கு வேண்டியது 700. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்ந்து அப்போது ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாள்தோறும் பதினைந்து, இருபது சிஸ்டங்களைப் பார்க்கிறவன். எந்த வார்டு பிரிண்டர் எப்போது முரண்டு பிடிக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன். அவனுக்குத்தான் இந்த மதிப்பெண். இரண்டு தாள்களுக்கும் கட்டிய பணம் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியிருந்தது. தோற்ற தாளுக்கு மறுபடியும் முழுக் கட்டணம்.

வேலை தெரியாததால் தோற்கவில்லை, வேலையில் பழகிப்போன குறுக்குவழிகளால் தோற்றேன் என்பது பிற்பாடுதான் புரிந்தது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஹெல்ப் டெஸ்க்கிலோ டெஸ்க்டாப் சப்போர்ட்டிலோ வேலை பார்த்துக்கொண்டே இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அந்த விவரம் உதவக்கூடும்.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம். மதிப்பெண் 100 முதல் 900 வரை. முதல் தாளுக்கு 675, இரண்டாவதுக்கு 700 எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். நான் எழுதியது 220-1101, 220-1102 என்ற பழைய வரிசை. அது 2025 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. இப்போது படிக்கிறவர்கள் 1201, 1202 வரிசைக்கான பாடத்திட்டத்தைத்தான் எடுக்க வேண்டும். நண்பர் கொடுத்தார் என்று பழைய குறிப்புகளை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

என் வீடு கடலூரில். ஆல்பேட்டையில் பஸ் ஏறினால் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரி. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். எனக்குப் படிக்கக் கிடைத்த நேரம் அதுதான். நின்றுகொண்டு போகிற பஸ்ஸில் புத்தகம் விரிக்க முடியாது என்பதால் போர்ட் எண்களை, அதாவது ஒவ்வொரு நெட்வொர்க் சேவைக்கும் உரிய எண்ணை, நிறுத்தங்களோடு கட்டிவைத்துக்கொண்டேன். ரெட்டிச்சாவடி என்றால் 22, எஸ்எஸ்ஹெச். கன்னியக்கோயில் 53, டிஎன்எஸ். கிருமாம்பாக்கத்துக்கு இரண்டு: 67, 68, கணினிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபி. தவளக்குப்பம் 445, கோப்புப் பகிர்வு. அரியாங்குப்பம் 3389, ரிமோட் டெஸ்க்டாப். இன்றைக்கும் நடத்துனர் “தவளக்குப்பம்” என்று குரல் கொடுத்தால் எனக்குக் கோப்புப் பகிர்வுதான் நினைவுக்கு வருகிறது. வைத்தியம் இல்லாத வியாதி.

முதல் தாள் வன்பொருளும் நெட்வொர்க்கும். அதில் பெரிய சிரமம் இல்லை; ஒரே முறையில் தேறிவிட்டேன். ஆனாலும் பின்னால் வரப்போகும் கோளாறு அதிலேயே தலைகாட்டியது. நம் ஊர் கடலோரம். உப்புக் காற்றில் ரேம் முனைகள் சீக்கிரம் மங்கிப்போகும். சிஸ்டம் ஆன் ஆகவில்லை என்றால் ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து, வாயால் ஊதி, மறுபடி மாட்டுவோம். பெரும்பாலும் வேலை செய்யும். மாதிரித் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தபோது என் கண் தானாக ரப்பரைத் தேடியது. தேர்வு எதிர்பார்ப்பது ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் நூல் பிரியாத துணியும். வாயால் ஊதினால் ஈரம் உள்ளே போகும். ரப்பர் பூச்சைத் தேய்த்துவிடும், துகளும் தங்கும். எனக்குக் கற்றுக்கொடுத்த அண்ணனுக்கு அவருடைய அண்ணன் ரப்பரைக் கற்றுக்கொடுத்திருந்தார். அப்படி வந்த வித்தை.

இரண்டாம் தாள் இயங்குதளம், பாதுகாப்பு, மென்பொருள் கோளாறு, நடைமுறைகள். இந்தக் கடைசிப் பகுதியைப் பொது அறிவு என்று நினைத்துப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆவணப்படுத்தல், மாற்றங்களுக்கு முன் அனுமதி, காப்பு நகல், மின் பாதுகாப்பு, வாடிக்கையாளரிடம் பேசும் முறை. இதற்கெல்லாம் படிக்க வேண்டுமா என்று ஓர் இளக்காரம். தாளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிலிருந்துதான்.

இன்னொன்று கேள்வியின் போக்கு. பிளஸ் 2 வரை தமிழ் வழியில் படித்த எனக்கு ஆங்கிலக் கேள்விகளை வேகமாகப் படிப்பது கொஞ்சம் கடினம். படித்துப் புரிந்துகொண்டாலும் அதிலுள்ள ஒரே ஒரு சொல்லைத் தவறவிட்டுவிடுவேன்: ‘ஃபர்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘பெஸ்ட்’. நான்கு விடைகளில் மூன்று சரியான வேலைகளாகவே இருக்கும். எதை முதலில் செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. வைரஸ் வந்த கணினியை என்ன செய்வீர்கள் என்றால் எங்கள் பிரிவில் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது: ஃபார்மட் போடு. தேர்வில் முதலில் அறிகுறியை உறுதிசெய்ய வேண்டும். அப்புறம் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்க வேண்டும். பிறகு கணினியைப் பழைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரெஸ்டோரை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பழைய மீட்புப் புள்ளிக்குள் வைரஸ் பதுங்கியிருந்து திரும்ப வரும். சுத்தம் செய்வதெல்லாம் அதற்கும் பிறகு. கடைசியில் அந்தக் கணினியைப் பயன்படுத்துகிறவருக்கு விளக்கிச் சொல்வதும் ஒரு படி. இரண்டு வருடத்தில் அதை ஒருமுறைகூட நான் செய்ததில்லை.

தோற்ற பிறகு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் நாற்பது ரூபாய்க்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். காம்ப்டியா சொல்லும் கோளாறு தீர்க்கும் முறையில் ஆறு படிகள் உண்டு: பிரச்சினையை அடையாளம் காண்பது, காரணத்தை ஊகிப்பது, ஊகத்தைச் சோதிப்பது, திட்டமிட்டுச் சரிசெய்வது, முழுதாக வேலை செய்கிறதா என்று பார்ப்பது, எழுதிவைப்பது. வருகிற ஒவ்வொரு டிக்கெட்டையும், அதாவது கோளாறுப் புகாரையும், இந்த ஆறின்படி நோட்டில் எழுதுவது என்று முடிவெடுத்தேன். தேர்வுக்குப் பயிற்சியாகத்தான் தொடங்கினேன், வேலைக்கு ஆகும் என்று நினைக்கவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் ரத்தக் குழாய்களில் ஒட்டும் பார்கோடு அச்சடிக்க ஒரு லேபிள் பிரிண்டர் உண்டு. பல வாரங்களாகக் காலையில் அது நின்றுவிடும். அங்கிருக்கும் அக்கா போன் செய்வார்: “தம்பி, லேபிள் வரவில்லை. டியூப் எல்லாம் வரிசையாக நிற்கிறது.” நான் ஓடிப்போய், கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்து மறுபடி போடுவேன், பிரிண்டரை அணைத்து எழுப்புவேன். வேலை செய்யும். டிக்கெட்டில் ‘டிரைவர் கோளாறு, சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி மூடிவிடுவேன். இப்படி ஐந்து முறை செய்திருக்கிறேன். ஐந்து முறையும் அதே வாசகம்.

நோட்டு தொடங்கிய பிறகு முதல் படிக்காக அக்காவிடம் உட்கார்ந்து கேட்டேன். எத்தனை மணிக்கு நிற்கிறது, எந்தெந்த நாள், அதற்குமுன் ஏதாவது மாறியதா. பழைய டிக்கெட்டுகளின் நேரத்தையும் எடுத்து எழுதினேன். எல்லாம் காலை 9.10க்கும் 9.30க்கும் நடுவில். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. டிரைவருக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. அப்படியானால் வார நாளில் ஒன்பது மணிக்கு மேல் புதிதாக நெட்வொர்க்குக்குள் வருவது எது?

கணக்குப் பிரிவில் ஒரு மடிக்கணினி. பிரிண்டரை வைத்தவர் அதற்கு ஓர் ஐபி முகவரியைக் கையால் கொடுத்திருக்கிறார். அந்த எண் டிஹெச்சிபி சர்வர் மற்றவர்களுக்கு வழங்கும் வரம்புக்குள்ளேயே இருந்தது. சர்வருக்கு அது தெரியாது. அதே எண்ணை மடிக்கணினிக்குக் கொடுத்துவிட்டது. மடிக்கணினி தினமும் வந்து தன் பழைய எண்ணையே புதுப்பித்துக்கொள்ளும். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு. பிரிண்டரை அணைத்து எழுப்பினால் ‘இந்த எண் என்னுடையது’ என்று அது மறுபடி அறிவிப்பதால் கொஞ்ச நேரம் வேலை நடந்தது. நான் போட்ட டிரைவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அனுமதி வாங்கி அந்த முகவரியை வழங்கும் வரம்பிலிருந்து விலக்கி வைத்தோம். வேலை மொத்தம் மூன்று நிமிடம். அதன் பிறகு அக்கா போன் செய்யவில்லை. வழியில் பார்த்தபோது, “என்ன தம்பி, இப்போதெல்லாம் நம் பக்கம் வருவதே இல்லை?” என்றார்.

அதற்குப் பிறகு நான் புத்தகம் படித்த முறையே மாறிவிட்டது. இரவில் நோட்டை எடுத்து, அன்றைய டிக்கெட் பாடத்திட்டத்தில் எந்த வரியில் வருகிறது என்று ஓரத்தில் குறிப்பேன். 169.254 என்று தொடங்கும் முகவரி காட்டினால் டிஹெச்சிபி சர்வரை எட்ட முடியவில்லை என்று பொருள், அதை ஓ.பி. கவுன்ட்டரில் பார்த்த நாள் நினைவிருக்கிறது, ஆகவே மறக்காது. ஒரு மாதத்தில் எந்தப் பகுதிக்கு நோட்டில் ஒரு டிக்கெட்டும் இல்லையோ, அதை மட்டும் உட்கார்ந்து படித்தேன். எனக்கு அது லினக்ஸ் கட்டளைகளும் மேக்கும். எங்கள் மருத்துவமனையில் மேக் இருந்தது ஒரே ஒரு மருத்துவரிடம். அதைத் தொட விடமாட்டார்.

நடுவில் ஒருவர் ‘டம்ப்’ தருகிறேன் என்றார், உண்மையான தேர்வின் கேள்வி விடை அப்படியே. வாங்கவில்லை. பெரிய யோக்கியன் என்பதால் அல்ல, பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்வார்கள் என்ற பயம்.

இரண்டாம் முறை 2024 ஜூனில், சென்னையில் ஒரு தேர்வு மையத்தில் எழுதினேன். வீட்டிலிருந்தே கேமரா முன்னால் எழுதலாம். எங்கள் தெருவின் மின்சாரத்தை நம்பி அந்த விஷப்பரீட்சையில் இறங்க மனம் வரவில்லை. பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் பெயர்களில் இனிஷியல் இருக்கிறது. பட்டச் சான்றிதழில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அதுவே அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். தேர்வுக் கணக்கில் உள்ள பெயர் அடையாள அட்டையோடு பொருந்தாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். நான் பட்டத்தில் இருந்தபடி பதிந்துவிட்டு, தேர்வுக்கு முன்பு எழுதிக் கேட்டு மாற்ற வேண்டியிருந்தது. உள்ளே போனதும் தொடக்கத்தில் வரும் செய்முறைக் கேள்விகளைக் குறியிட்டுத் தள்ளிவிட்டு, மற்றவற்றை முடித்துத் திரும்பி வாருங்கள். முதல் முறை அவற்றிலேயே இருபத்தைந்து நிமிடத்தைத் தொலைத்தேன். இம்முறை 761.

அந்த நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. எங்கள் சர்வர் அறை தரைத்தளத்தில். காப்பு நகல் வட்டு முன்பெல்லாம் அதே அறை அலமாரியில்தான் இருக்கும். சர்வர் நனைந்தால் அதுவும் நனையும். மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியை, நான் இளக்காரம் செய்த அதே பகுதியில் படித்துவிட்டு, ஜூலையில் மேலாளரிடம் சொல்லி ஒரு நகலை வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தோம். தண்ணீர் சர்வர் அறை வாசற்படி வரை வந்து நின்று, பிறகு வடிந்தது. அந்த நகல் தேவைப்படவே இல்லை. இருந்தாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வந்தது.

வேலை விஷயம். சான்றிதழ் வந்ததும் சம்பளம் உயரவில்லை. இப்போது நான் இருக்கும் தொழிற்சாலையில் 2025இல் நேர்முகத் தேர்வுக்குப் போனபோது சான்றிதழை ஒருமுறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்துவிட்டார்கள். “சமீபத்தில் உங்களைக் குழப்பிய ஒரு கோளாறைச் சொல்லுங்கள்” என்றார்கள். லேபிள் பிரிண்டரைச் சொன்னேன், ஐந்து முறை தவறாக மூடியதையும் சேர்த்து. இரண்டாம் நிலை சப்போர்ட்டில் எடுத்துக்கொண்டார்கள். முதல் நிலையில் போன் எடுத்து, பாஸ்வேர்டு மாற்றி, எழுதப்பட்ட குறிப்பின்படி சரிசெய்வோம். இரண்டாம் நிலையில் அந்தக் குறிப்பை எழுதுவதே நம் வேலை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்ததால் பாதி நாள் பழைய இயந்திரங்களில் விண்டோஸ் 11க்குத் தேவையான பாதுகாப்புச் சில்லு டிபிஎம் 2.0 இருக்கிறதா, இருந்தும் பயாஸில் அணைந்து கிடக்கிறதா என்று பார்ப்பதிலேயே போனது.

இதற்கு மேல் வழி பிரிகிறது. பெரிய நிறுவன ஹெல்ப் டெஸ்க்குக்குப் போகிறவர்களுக்கு ஐடி சேவை நிர்வாகத்துக்கான ஐடில் 4 ஃபவுண்டேஷன் போதும்: 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி, அங்கே டிக்கெட் மொழியே அதுதான். கணினிகளை மொத்தமாக நிர்வகிக்க விரும்பினால் மைக்ரோசாஃப்ட்டின் எம்டி-102. லினக்ஸ் பிடித்தவர்களுக்கு ரெட் ஹாட்டின் ஆர்ஹெச்சிஎஸ்ஏ. முழுக்கச் செய்முறை, டம்ப் வியாபாரிக்கு அங்கே பெரிதாக வேலை இல்லை. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் முடிக்கிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம்தான் முடிந்தது.

எனக்கு அந்த மடிக்கணினிக்கும் பிரிண்டருக்கும் நடந்த சண்டை ஆசையைக் கிளப்பிவிட்டதால் சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ படிக்கிறேன். பஸ் அதேதான். இப்போது போர்ட் எண்கள் இல்லை, நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு: /26 என்றால் 64 முகவரி, பயன்படுத்தக்கூடியவை 62, அடுத்த நெட்வொர்க் எங்கே தொடங்குகிறது என்று மனக்கணக்காகச் சொல்ல வேண்டும். அரியாங்குப்பம் வருவதற்குள் நான்கு முடிகிறது. ஐந்தாவதுக்கு மரப்பாலம் நெரிசல் நேரம் கொடுக்கிறது.