ஏணி புடிக்கிற காலம்

16 பிப்ரவரி 2025, ஞாயிறு – கொல்லிமலை

மேல்காடு முடிஞ்சுது. இனி ஓடைக்கரையில நிக்கிற சில்வர் ஓக் வரிசைதான் பாக்கி. அதுல ஏறியிருக்கறது பன்னியூர் மிளகுக் கொடி, சரம் நல்ல நீளம். சரத்துக்கு ஒண்ணு ரெண்டு மணி செவந்தாப் போதும், கிள்ளிரலாம். அதுக்கு மேல உட்டா பாதியைக் குருவி கொத்தும், மீதி மண்ணுல உதுரும்.

மாமா மேல, நான் கீழ. ஏணின்னா ஒத்தை மூங்கில்தான். கணுவுல கிளையை வெட்டிட்டு உட்ட முண்டுதான் படி. அதைப் புடிச்சுக்கிட்டு அண்ணாந்து நிக்கறதுல என் பாதி நாள் போயிரும். வேற யாரையும் புடிக்க அவர் உடமாட்டார். "நீ புடிச்சாத்தான் புள்ள எனக்குக் கால் கூசாது"ம்பார். மேல நின்னுக்கிட்டே பேச்சு ஓயாது: அவங்க அப்பிச்சி மாட்டு வண்டியில சந்தைக்குப் போனது, பள்ளிக்கூடத்துல அடி வாங்கினது, எங்க கல்யாணத்தன்னிக்கு மைக் செட்டுக்காரன் வராம போனது. ஊர்ல இருக்கறப்ப இத்தனை பேச மாட்டார். அங்க ரெண்டு பேரும் ஒட்டுக்கா இருக்கற நாளே கம்மி.

மார்கழியில மலையேறி காப்பிப் பழம் எடுப்போம், தையில மிளகு. மாசி பொறந்தா போர்க்குழி போடற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக கிளம்பிரும், அவரும் வேலைக்குக் கூடப் போயிருவார். வடக்க மழை புடிச்சாத்தான் திரும்புவார். அப்புறம் நான் தறிப்பட்டறை, அவர் கிடைச்ச கூலின்னு ஓடும்.

19 பிப்ரவரி, புதன்

செம்மேட்டு ரோட்டு வளைவுல நின்னாத்தான் போன் எடுக்கும். பொழுதோட உப்பு வாங்கப் போனவர் திரும்பி வந்து, களி கிண்டறப்பச் சொன்னார். மார்ச் 3, திங்கக்கிழமை வண்டிக்குப் பூஜை. மத்தியப் பிரதேசமாம் இந்தத் தடவை.

"சரிங்க"ன்னேன். களி அடிப்புடிச்சிரும்னு கிண்டிக்கிட்டே இருந்தேன்.

பாப்பாவை எங்க அத்தைகிட்ட உட்டுட்டு வந்திருக்கோம், நாலாவது படிக்கிறா. ராத்திரி படுத்தா அவ நெனப்புத்தான். எப்படா கீழ எறங்குவோம்னு இருக்கும். எறங்குனா அவ கிடைப்பா, இவர் போயிருவார். இதுல எதை வேண்டிக்கறதுன்னு எனக்குத் தெரியலை. ரெண்டும் வேணும். வேணும்னு எழுதறதுக்கு நான் கூச்சப்படப் போறதில்லை.

23 பிப்ரவரி, ஞாயிறு

நேத்தும் இன்னைக்கும் களத்து வேலை. சரத்தை மிதிச்சு மணியைப் பிரிச்சோம். அப்புறம் கூடையோட கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிசம் முக்கி எடுத்து தார்ப்பாயில பரத்துனோம். அப்படி முக்குனா சீக்கிரம் காயும், கருப்பும் ஒரே சீரா ஏறும். பச்சையில மூணு கிலோ போட்டாத்தான் காய்ஞ்சு ஒரு கிலோ தேறும். இது தெரியாம கடையில மிளகு வெலையைக் கேட்டு முகஞ்சுளிக்கறவங்க ஒரு நாளாச்சும் அந்த மூங்கில்ல ஏறிப் பார்க்கணும்.

ஈரம் போச்சான்னு தோட்டத்து ஆயா கையில அள்ளிக் குலுக்கிக் காதுகிட்ட வெச்சுக் கேட்டாங்க. "இன்னும் ரெண்டு வெயில் வேணும் சாமி"ன்னாங்க. மலைக்காரங்க, தலைமுறையா இங்கயே இருக்கறவங்க. மிளகுக்கு முந்தி சாமையும் ராகியுமாத்தான் இருந்துச்சாம் இந்தக் காடு.

26 பிப்ரவரி, புதன் – சிவராத்திரி

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். அய்யாத்துல மீனுக்குப் பொரி போட்டோம், இங்க மீனைப் புடிக்க மாட்டாங்க, சாமி மீன். ஆகாய கங்கைக்கு இந்த வருசமும் எறங்கலை, ஆயிரத்துக்கு மேல படி, முழங்கால் கேக்கலை. கூட்டத்துல மாமா என் கையைப் புடிச்சுக்கிட்டே நடந்தார். ஊர்த் தெருவுல ஒரு நாளும் புடிச்சதில்லை.

27 பிப்ரவரி, வியாழன்

கடைசி மரம். மேல சரம் தீர்ந்துருச்சு, கீழ இருந்தே எனக்குத் தெரியுது. ஆனாலும் அவர் எறங்கலை. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"ஏனுங்க, எறங்கலையா?"

"இரு புள்ள."

கொஞ்ச நேரங்கழிச்சு மேல இருந்தே சொன்னார்: "வண்டிகிட்ட நின்னா பத்துப் பேர் இருப்பாங்க, அங்க ஒண்ணும் பேச முடியாது. இப்பவே சொல்லிக்கறேன். பாப்பாவுக்குக் கண்ணாடி மாத்தோணும், மறந்துராத. நீ ராத்திரி தறிக்குப் போகாத, பகல் ஷிப்டு மட்டும் போதும். நான் சாப்பிட்டுக்குவேன், அதை நெனச்சுக்கிட்டு நீ சாப்பிடாம இருக்காத."

நானும் என்னென்னமோ சொன்னேன். காதுல பஞ்சு வெச்சுக்கங்க, கம்ப்ரசர் சத்தத்துல போன வருசம் வந்து ஒரு மாசம் நான் கூப்பிட்டதே உங்களுக்குக் கேக்கலைன்னு சொன்னேன். கல்லுத்தூசி பறக்கறப்ப துண்டைக் கட்டிக்கங்கன்னு சொன்னேன். இன்னும் சொன்னதெல்லாம் எழுதறதுக்கில்லை. ஏணியை உடாம புடிச்சிருந்தேன், அதனால கண்ணைத் தொடைக்க முடியலை.

1 மார்ச், சனி

நேத்துக் கணக்கு முடிஞ்சுது. ஆயா கூலியோட ஒரு படி மிளகும் சாமையும் ஒரு சீப்பு கருவாழையும் குடுத்து, "தையில வந்துருங்க, ஏணி உங்களுதுதான்"னாங்க. காரவள்ளி வரைக்கும் எழுவது வளைவு. பஸ்ஸுல எனக்குக் கொமட்டுச்சு, மாமா எலுமிச்சம்பழத்தை மூக்குகிட்ட புடிச்சுக்கிட்டே வந்தார். வீட்டு வாசல்ல பாப்பா ஓடி வந்து அவர் இடுப்பைக் கட்டிக்கிட்டா. வளர்ந்திருக்கா, பாவாடை கணுக்காலுக்கு மேல நிக்குது.

3 மார்ச், திங்கள் – திருச்செங்கோடு

வண்டி ரெண்டு, ரிக் ஒண்ணு, ராடும் கேசிங் பைப்பும் ஏத்துனது ஒண்ணு. சக்கரத்துல எலுமிச்சம்பழம் வெச்சாங்க, பூசணிக்காய் ஒடைச்சாங்க. பையனுக எல்லாம் மலையைப் பார்த்துக் கும்பிட்டாங்க. மேல இருக்கறது அர்த்தநாரீஸ்வரர், ஒரே உடம்புல ஆணும் பொண்ணுமா நிக்கிற சாமி. இவரைப் பத்திரமாத் திருப்பிக் கொண்டாந்து உடுன்னு மட்டும் கேட்டேன்.

அவர் சொன்ன மாதிரியே பேச முடியலை. மிளகுப் பொட்டலத்தைக் கையில குடுத்தேன். "போயிட்டு வர்றேன்"னார். "வாங்க"ன்னேன்.

12 மார்ச், புதன்

கண்ணாடி மாத்தியாச்சு. பகல் ஷிப்டுலதான் தறிக்கு ஊடை நூல் தார் சுத்தறேன்.

நாக்பூர் தாண்டி வேலை ஆரம்பிச்சிருச்சாம். ராத்திரி எட்டரைக்குக் கூப்பிட்டார். மிளகை இடிச்சு ரசம் வெச்சாங்களாம், சளி புடிச்ச பையனுக்கு நல்லாருந்துச்சாம். நான் பேசறதுக்குள்ள பாப்பா போனைப் புடுங்கிக்கிட்டா.

"அப்பா, இன்னைக்கு எத்தனை அடி?"

"நானூத்தி இருபது, கண்ணு. தண்ணி வந்துருச்சு."

ராடு ஒண்ணு இருபது அடின்னு அவளுக்குத் தெரியும். கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்துல தேதி போட்டு, வகுத்து, "இருபத்தியொரு ராடு"ன்னு சத்தமாச் சொல்லிட்டு எங்கிட்டப் போனைக் குடுத்தா.